வாங்காத பணம்

“நூறு கோடி டாலருக்கு மேல் சும்மா கிடக்கிறது. நாட்டிலேயே பரம ஏழையான மாவட்டங்களில் (கவுண்டி) ஒன்று அவர்களுடையது. ஆனாலும் தொட மாட்டோம் என்கிறார்கள். பிழைக்கத் தெரியாதவர்கள்!” 2025 ஜூனில், அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பேட்லாண்ட்ஸ் விளிம்பில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தங்கள் நிலத்துக்கான இழப்பீட்டை வாங்க மறுக்கும் லகோட்டா பழங்குடிகளைப் பற்றி நான் சொன்னது இது. கையில் தேநீர், எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் எந்த மடையனும் தன்னை அறிவாளியாக நினைத்துக்கொள்வான். மனைவி தலையை ஆட்டினாள். மகள் காதில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா மட்டும் பதில் சொல்லாமல், எங்கேயும் தொலையாத டார்ச் விளக்கைத் தேட எழுந்துபோனார். அவர் வருவாய்த் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவர், அதில் கடைசி எட்டு ஆண்டுகள் நில எடுப்புப் பிரிவில் தனி வட்டாட்சியர். அப்படி அவர் எழுந்துபோனால் அதற்குக் காரணம் இருக்கும். எனக்கு அது உறைக்க இன்னும் ஒரு நாள் ஆயிற்று.

ஆர்.வி. எடுத்தது என் யோசனைதான். அப்பாவால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, முதுகு. கழிப்பறையும் படுக்கையும் கூடவே வந்தால் நல்லது என்று நினைத்தேன். டென்வரில் 25 அடி நீள வண்டி ஒன்றை ஒன்பது நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். “வீட்டையே தூக்கிக்கொண்டு போவதென்றால் எதற்கப்பா ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும்?” என்று ஆரம்பித்தவர், இரண்டாம் நாளே கையுறை மாட்டிக்கொண்டு கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். முதலில் கழிப்பறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டி, பிறகு குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் சாம்பல் தொட்டி, சாம்பல் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும் என்ற வரிசையை நான் இரண்டு முறை மாற்றிச் செய்தேன், அவர் ஒரு முறைகூடத் தவறவில்லை. வண்டியின் நெற்றியில் ‘வின்னபேகோ’ என்று எழுதியிருந்தது. அயோவாவில் அந்தப் பெயர் கொண்ட கவுண்டியில் பிறந்த நிறுவனம் அது. அந்தப் பெயர் ஒரு மக்களுடையது என்பதை மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். 1862இல் டகோட்டா பழங்குடிகள் அமெரிக்கப் படையோடு நடத்திய போருக்குப் பிறகு, அதில் பெரும்பாலும் கலந்துகொள்ளாதபோதும், மினசோட்டாவிலிருந்து விரட்டப்பட்டு, க்ரோ க்ரீக் என்ற வறண்ட இடத்தில் கொண்டுபோய் விடப்பட்டு, அங்கே பசியில் செத்தவர்கள் போக மிச்சப்பேர் நெப்ராஸ்காவுக்குத் தப்பி ஓடிய மக்கள். விடுமுறைக்கு ஊர் சுற்றும் வண்டிக்கு அவர்கள் பெயர். ஒன்பது இரவும் அந்தப் பெயருக்குள்தான் தூங்கினோம்.

ஆர்.வி. ஓட்டிப் பழகினால் உலகம் மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். வண்டி திரும்புமா, தண்ணீர் பிடிக்கலாமா, இரவு தங்கலாமா? நான் போட்டு வைத்திருந்த பட்டியலில் ஒவ்வொரு இடத்துக்கு நேராகவும் இந்த மூன்றுக்கும் பதில் இருந்தது. மவுண்ட் ரஷ்மோர்: ஆர்.வி.க்கென்று தனி நிறுத்துமிடம் உண்டு. வூண்டட் நீ: சரளைக்கல் திருப்பம், கழிப்பறை இல்லை, ‘அரை மணி போதும்’. இதை நான்தான் எழுதினேன், வேறு யாருமல்ல.

பத்து டாலர்

நான்கு ஜனாதிபதிகளின் முகங்களைப் பாறையில் செதுக்கிய ரஷ்மோர் மலையில் நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் வண்டி நிறுத்தப் பத்து டாலர். தேசியப் பூங்காக்களின் ஆண்டு அட்டை இங்கே செல்லாது. “அதாவது, சாமி தரிசனம் இலவசம், செருப்பு விடத்தான் காசு” என்றார் அப்பா. மூத்த குடிமக்கள் ஓட்டிவந்தால் பாதிக் கட்டணம் என்ற பலகையைப் பார்த்ததும், தன்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்திருக்கலாமே என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார்.

சிலைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முகமும் 60 அடி உயரம். 1927இல் தொடங்கி 1941இல் நிறுத்தினார்கள். ஏறக்குறைய 400 பேர் வேலை பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் சாகவில்லை. பாறையில் பத்தில் ஒன்பது பங்கை உளியால் செதுக்கவில்லை, டைனமைட் வைத்துத்தான் உடைத்தார்கள். சிற்பி கட்ஸன் போர்க்லம் இங்கே வருவதற்கு முன் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனில் உள்நாட்டுப் போரின் தென்பகுதித் தளபதிகளைச் செதுக்கத் தொடங்கியவர், வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் தலைவர்களோடு நெருங்கிப் பழகியவர். மலைக்கு ரஷ்மோர் என்ற பெயர் வந்த கதை இன்னும் வேடிக்கை. 1880களில் சுரங்க உரிமை விவகாரமாக இங்கே வந்த நியூயார்க் வழக்கறிஞர் ஒருவரின் பெயர் அது. லகோட்டா மக்கள் அதற்கு முன்பே அதை ஆறு பாட்டனார்கள் என்று அழைத்துவந்தார்கள். ஆறு பாட்டனார்கள் மேல் நான்கு ஜனாதிபதிகள்.

இரவு விளக்கேற்றும் நிகழ்ச்சிக்குக் காத்திருந்தோம். படையில் பணியாற்றியவர்களை மேடைக்கு அழைத்துக் கொடியை இறக்கச் சொல்கிறார்கள். மேடையேறிய முதியவர்களில் ஒருவர் முகத்தைப் பார்த்தால் லகோட்டாவாக இருக்கலாம் என்று தோன்றியது. தொப்பியில் வியட்நாம் என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டும்போதே கை கொஞ்சம் கூசியது, ஏனென்று அப்போது யோசிக்கவில்லை.

மலைக்குள் போகிற பாதைகள் எங்கள் வண்டிக்கு ஒத்துவரவில்லை. அயர்ன் மவுண்டன் சாலையில் குகைப்பாதைகளை அந்த முகங்கள் சட்டம் போட்ட படம்போலத் தெரியும்படி வெட்டியிருக்கிறார்கள். நீடில்ஸ் சாலையில் ஊசிக்கண் என்ற பெயரில் ஒரு குகைப்பாதை இருக்கிறது, அகலம் 8 அடி. எங்கள் வண்டி பக்கக் கண்ணாடிகளை மடக்கினாலும் அதைவிட அகலம். அதனால் அங்கே போகவில்லை, ஆற அமரப் பேச நேரம் கிடைத்தது. லகோட்டாக்களின் நில வழக்கைப் பற்றி அப்பாவிடம் நான் சொன்னது அன்றுதான்.

குக்கர் விசில் கேட்டு வந்தவர்

கஸ்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில் முகாம். மூன்றாவது விசிலில் பக்கத்து வண்டிக்காரர் ஓடிவந்தார், புரோபேன் கசிகிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பருப்பு என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர், நெப்ராஸ்காவில் ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்ததை அவருக்காக ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டியதாயிற்று.

1868இல் லாரமி கோட்டையில் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம். மிசௌரி ஆற்றுக்கு மேற்கே, இந்தக் கருங்குன்றுகள் (ப்ளாக் ஹில்ஸ்) உட்பட, லகோட்டாக்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லாமல் அனுபவிக்க உரிமை. இனி இதில் எந்தப் பகுதியை விட்டுக்கொடுப்பதானாலும் வயதுவந்த ஆண்களில் முக்கால் பங்குப் பேர் கையெழுத்திட வேண்டும் என்று அதிலேயே எழுதினார்கள். ஆறே வருடத்தில், 1874இல், அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படை குன்றுகளுக்குள் போய்த் தங்கம் இருப்பதாக அறிவித்தது. 1876இல் லகோட்டாக்களோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டர் செத்தார். அந்த ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், குன்றுகளை விட்டுக்கொடுக்கும்வரை ரேஷன் கிடையாது என்று முடிவுசெய்தது. எருமைகள் அழிந்துகொண்டிருந்தன, வேட்டையாட வெளியே போக முடியாது, பட்டினி. அப்படியும் பத்தில் ஒரு பங்குப் பேரின் கையெழுத்துதான் கிடைத்தது. 1877 பிப்ரவரியில் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். நூறு வருடம் கழித்து, 1980இல், உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அது எடுத்துக்கொண்டதுதான், இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1877 விலைப்படி 1.71 கோடி டாலர், வருடத்துக்கு 5 சதவீத வட்டி, மொத்தம் 10 கோடிக்கு மேல். லகோட்டாக்கள் வாங்கவில்லை. குன்றுகள் விற்பனைக்கு இல்லை என்றார்கள். பணம் அரசுக் கணக்கிலேயே வளர்ந்து நூறு கோடியைத் தாண்டிவிட்டது.

ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இந்த ஊர்களில் நான் மூன்று பேரிடமாவது கேட்ட அந்த வாதத்தை அவரும் சொன்னார். லகோட்டாக்களும் வந்தேறிகள்தானே? 18ஆம் நூற்றாண்டில் கிழக்கேயிருந்து வந்து, இங்கே இருந்த ஷையான், கயோவா, க்ரோ மக்களைத் தள்ளிவிட்டுத்தானே உட்கார்ந்தார்கள்? பொய்யில்லை. கஸ்டருக்கு வழிகாட்டிய சாரணர்களில் க்ரோ ஆட்கள் இருந்ததற்கு அந்தப் பகைதான் காரணம். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அப்பாவிடம் மொழிபெயர்த்தேன். பருப்பைக் கடைந்துகொண்டே அவர் சொன்னார்: “அதெல்லாம் இருக்கட்டும். நோட்டீஸ் யாருக்குக் கொடுப்பது? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். அந்தப் பட்டாவை எழுதிக் கொடுத்ததே இவர்கள்தானே. எழுதிக் கொடுத்தபோது, நீ யாரிடமிருந்து பிடுங்கினாய் என்று கேட்டார்களா?” ஆங்கிலத்தில் ‘பட்டா’வை விளக்கப் பத்து நிமிடம் பிடித்தது. ஆசிரியர் சிரித்தார், மறுக்கவில்லை, இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் லகோட்டா வீரர் கிரேஸி ஹார்ஸின் சிலை. 1948இல் ஆரம்பித்தது, முகம் முடிந்தது 1998இல், கை இன்னும் நடக்கிறது. லகோட்டாத் தலைவர் ஒருவர் அழைத்துத்தான் சிற்பி வந்தார், ஆனாலும் புனிதக் குன்றைக் குடைவதில் எங்கள் ஆள் என்ன, உங்கள் ஆள் என்ன என்று கேட்கிற லகோட்டாக்களும் உண்டு. அந்த மனிதரின் புகைப்படம் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை என்றேன். “அப்படியானால் இது யார் முகம்?” என்று கேட்டுவிட்டு அப்பா காப்பி வாங்கப் போனார். அங்கே எனக்கும் அதிக நேரம் நிற்கத் தோன்றவில்லை.

ஆணியடித்த பலகை

பேட்லாண்ட்ஸ் விளிம்பில், தேசியப் புல்வெளி நிலத்தில், யாரிடமும் கேட்காமல், காசும் கொடுக்காமல் வண்டியை நிறுத்தித் தங்கலாம். ஆர்.வி.க்காரர்களுக்கு அது சொர்க்கம். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னது அங்கேதான். அந்த நிலமும் அதே 1868 ஒப்பந்தத்துக்குள் அடங்கியது என்பது, இலவசமாகப் படுத்திருந்த எனக்கு அன்று இரவு நினைவுக்கு வரவில்லை.

காலையில் லகோட்டாக்களின் பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் இறங்கினோம். சாலை நன்றாகத்தான் இருந்தது. விளம்பரப் பலகைகள் நின்றுபோனதுதான் முதலில் தெரிந்தது. அதுவரை ஒரு மருந்துக்கடையின் இலவச ஐஸ் தண்ணீர் அறிவிப்பு மைலுக்கொன்றாக வந்துகொண்டிருந்தது. வூண்டட் நீயில் பார்வையாளர் மையம் இல்லை, சீருடை போட்ட ரேஞ்சர் இல்லை. மகள் போன இடமெல்லாம் நிரப்பி பேட்ஜ் வாங்கிக்கொண்டிருந்த ஜூனியர் ரேஞ்சர் கையேடு இங்கே கிடையாது, இது தேசியப் பூங்கா அல்ல. சாலையோரம் பெரிய சிவப்புப் பலகை, இரண்டு பக்கமும் நெருக்கமாக எழுத்து. எதிர்ப்புறம் மேட்டில் கல்லறைத் தோட்டம். அதற்கு ஏறுகிற மண்பாதையில் எங்கள் வண்டி போகாது. கீழேயே நிறுத்தினோம்.

1890 டிசம்பர் 29. நுரையீரல் காய்ச்சலில் கிடந்த லகோட்டாத் தலைவர் பிக் ஃபுட்டின் கூட்டம், ஏறக்குறைய 350 பேர், பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். சுற்றிலும் ஏழாவது குதிரைப்படை, கஸ்டரின் பழைய ரெஜிமெண்ட். மேட்டின் மேல் நான்கு ஹாட்ச்கிஸ் பீரங்கிகள். ஆயுதங்களைப் பிடுங்கும்போது ஒரு துப்பாக்கி வெடித்தது, பிறகு எல்லாம் வெடித்தன. ஓடிய பெண்களைப் பள்ளத்தில் மைல் கணக்கில் துரத்திப் போய்ச் சுட்டார்கள். செத்தவர்கள் 150 என்பார்கள், 300 என்பார்கள். பனிப்புயல் வந்து பிணங்கள் உறைந்து கிடந்தன. புது வருடம் பிறந்த பிறகு ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, பீரங்கி நின்ற அதே மேட்டில் ஒரு நீளக் குழி வெட்டி 146 பேரைப் போட்டார்கள். படைவீரர்களில் சுமார் 20 பேருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கொடுத்தார்கள்.

அந்தப் பலகையில் ஒரு சமாச்சாரம். தலைப்பில் ‘படுகொலை’ என்ற சொல் மட்டும் தனித் துண்டுப் பலகையில் எழுதி மேலே அடிக்கப்பட்டிருக்கிறது. அடியில் இருப்பது ‘போர்’. சிவப்பு நிறம் கொஞ்சம் மாறியிருக்கிறது, விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் படம் எடுத்தேன், எல்லாரும் எடுக்கிற படம்தான். அப்பா பலகைக்கு முன்னால் நிற்கவில்லை. பக்கவாட்டில் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பலகைக்கும் நடுவே இருந்த இடுக்கைப் பார்த்தார். பதிவேட்டில் ஒரு சொல்லைத் திருத்துவதென்றால் அழிக்கக் கூடாது, மேலே எழுதவும் கூடாது. சிவப்பு மையில் ஒரு கோடு அடித்து, பழையது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். சின்ன வயதில் என் வீட்டுக்கணக்கு நோட்டைக்கூட அப்படித்தான் திருத்த வைப்பார். “திருத்தினவர் சுருக்கொப்பம் எங்கே?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டவர், கொஞ்சம் கழித்து, “எப்படிப் போடுவான்? ரிஜிஸ்டர் இவன் கையில் இல்லையே” என்றார்.

பந்தலுக்கடியில் ஒரு வயதான அம்மாள் மணிக் கம்மல்கள் விற்றுக்கொண்டிருந்தார். என் மனைவி ஒரு ஜோடியை எடுத்து, பழக்கதோஷத்தில், பதினைந்துக்குத் தருவீர்களா என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. கம்மலை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பஞ்சு வைத்த டப்பாவில் திரும்ப வைத்து, மூடியை மூடினார். இருபது டாலர் கொடுத்துத்தான் பிறகு வாங்கினோம்.

மேட்டுக்கு நடந்து ஏறினோம். அப்பா இரண்டு இடத்தில் நின்று முதுகைப் பிடித்துக்கொண்டார். குழி இருந்த இடத்தைச் சுற்றிக் கம்பிவலை வேலி, வேலி முழுக்கத் துணித்துண்டுகள் முடிந்திருந்தார்கள், வெயிலில் வெளுத்தவை, நேற்றுக் கட்டியவை. நடுவில் பெயர்கள் பொறித்த ஒரு கல். 1903இல் பிழைத்தவர்களின் குடும்பங்கள் தாங்களே நட்டது. எனது ‘அரை மணி போதும்’ கணக்கில் நாங்கள் அங்கே இரண்டு மணி நேரம் இருந்தோம். அதிகம் பேசவில்லை. காற்று மட்டும் விடாமல் அடித்தது.

கட்டைவிரல்

அன்று இரவும் அதே விளிம்பில்தான் தங்கினோம். ஜெனரேட்டரை அணைத்த பிறகு காற்றில் வண்டி தொட்டில்போல ஆடியது. மனைவியும் மகளும் ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த படுக்கையில் தூங்கிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையை மடக்கிப் படுக்கையாக்கும் வேலையை அப்பா பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

“நேற்று நீ சொன்னாயே, பிழைக்கத் தெரியாதவர்கள் என்று.”

நான் பேசவில்லை.

தொழிற்பேட்டைக்காக நிலம் எடுத்தார்களாம், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஊர்ப் பெயரைச் சொன்னார், அது இங்கே வேண்டாம். ஒரு கிழவருக்கு இரண்டு ஏக்கர் பதினேழு சென்ட், ஒரு கிணறு, எட்டுத் தென்னை. தென்னைக்கு இவ்வளவு, கிணற்றுக்கு ஆழம் அகலம் பார்த்து இவ்வளவு என்று எல்லாம் மதிப்புப் போட்டாயிற்று. மற்ற எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். சிலர் தொகை போதாது என்று எதிர்ப்புத் தெரிவித்து வாங்கிக்கொண்டு வழக்குப் போட்டார்கள், அது அவர்கள் உரிமை. இந்தக் கிழவர் தொகை போதாது என்று சொல்லவில்லை. கோர்ட்டுக்கும் போகவில்லை. வாங்க மாட்டேன் என்றார். அப்பா மூன்று தடவை வீட்டுக்கே போனார். மூன்றாம் தடவை காசோலை, வவுச்சர், மைப்பெட்டி எல்லாவற்றையும் கொண்டுபோய், பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, கைநாட்டு வைக்கச் சொன்னார். கிழவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன்மேல் மற்ற நான்கு விரல்களையும் மூடிக்கொண்டார். இரண்டு கையையும். மூத்த மகன் ஒரு கையைப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தான்.

“நான் விடு என்று சொன்னேன். ஆனால் அவன் பிரித்திருந்தால் நல்லது என்றுதான் உள்ளுக்குள் இருந்தது. அன்று சாயங்காலம் அறிக்கை அனுப்ப வேண்டும்.”

கிழவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“‘நீங்கள் எடுத்துக்கொண்டதாக எழுதுங்கள், தாசில்தார் ஐயா. நான் கொடுத்ததாக எழுதாதீர்கள்’ என்றார். அதற்கு நம்மிடம் படிவம் ஏது? 1894ஆம் வருடச் சட்டம், 31ஆம் பிரிவு. வாங்க மறுத்தால் கோர்ட்டில் கட்டிவிடலாம். கட்டிவிட்டால் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். ‘உரிமையாளர் தொகை பெற மறுத்துவிட்டார்’ என்று ஒரு வரி. அந்த மாதிரி எத்தனை வரி எழுதியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நீ சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொள்வேன். பிழைக்கத் தெரியாத ஜென்மம்.”

பிறகு, அந்த அமெரிக்க வழக்கில் நீதிமன்றம் சரியாக என்ன சொன்னது என்று திரும்பக் கேட்டார். விட்டுக்கொடுத்தது அல்ல, எடுத்துக்கொண்டதுதான் என்று சொன்னது என்றேன். “அப்படியானால் பணத்தை வாங்கினால்?” வழக்கு முடிந்துவிடும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். “கோர்ட்டே ‘எடுத்தது’ என்று எழுதிவிட்டது. அந்தச் சொல் அப்படியே நிற்கிறது. இவன் வவுச்சரில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அது ‘கொடுத்தது’ ஆகிவிடும். அதற்காகத்தான் வாங்கவில்லை.” கொஞ்ச நேரம் கழித்து, அதிகாரிக் குரலில்: “இங்கே வட்டியாவது ஏறுகிறது. நம் சட்டத்தில் கோர்ட்டில் கட்டின நாளோடு அரசாங்கத்தின் வட்டிப் பொறுப்பு முடிந்துபோகும்.”

லகோட்டாக்கள் எல்லாரும் இதே காரணத்துக்காகத்தான் மறுக்கிறார்கள் என்று நான் எழுத மாட்டேன். அவர்களுக்குள்ளும் பங்கிட்டுக் கொடுத்துவிடலாம் என்கிறவர்கள் உண்டு. நூறு கோடியை ஒரு லட்சம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு என்ன வரும், பழைய கார் ஒன்று வரும், அதற்கா பாட்டனாரை விற்பது என்று கேட்கிறவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் நூறு கோடிக் கணக்கில் இந்தப் பக்கமே வரவில்லை. கணக்குத் தெரிந்தவன் என்ற நினைப்பில் கணக்குக் கேட்டவன் நான்.

வெள்ளைக் கல், சிவப்புக் கல்

அதன் பிறகு வயோமிங்கில் அந்தத் தனிப் பாறைக்குப் போனோம். வரைபடத்தில் டெவில்ஸ் டவர், அங்குள்ள மக்களுக்குக் கரடி வீடு. 1906இல் தியோடர் ரூஸ்வெல்ட் அறிவித்த முதல் தேசிய நினைவுச்சின்னம். ஜூன் மாதம் பழங்குடிகளின் சடங்குக் காலம் என்பதால் ஏற வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறார்கள், கட்டாயம் இல்லை. நாங்கள் போன அன்று இரண்டு பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மகள் தொலைநோக்கியில் அவர்களையே பார்த்தாள். மரங்களில் முடிந்திருந்த துணிகளைத் தொடாமல் நாங்கள் கீழே சுற்றிவந்தோம்.

லிட்டில் பிக்ஹார்ன் வேறு மாதிரி. 1991வரை அதன் பெயர் கஸ்டர் போர்க்களம். தோற்ற தளபதியின் பெயரைப் பழங்குடிகள் வென்ற இடத்துக்கு வைத்திருந்தார்கள். புல் மேட்டில் வெள்ளைச் சலவைக்கற்கள் சிதறி நிற்கின்றன, படைவீரர்கள் விழுந்த இடங்களைக் காட்ட 1890இல் நட்டவை. கஸ்டரோடு விழுந்தவர்கள் ஏறக்குறைய 210 பேர்தான், கற்கள் அதைவிட அதிகம். எண்ணிக்கை இடிப்பதாகப் படித்தவுடன் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஜோடியாக நிற்கிற கற்களை எல்லாம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே, காலடி வைத்துத் தூரம் அளந்து நடந்தார். 1999 முதல் லகோட்டா, ஷையான் வீரர்கள் விழுந்த இடங்களுக்கும் சிவப்புக் கருங்கல் நடுகிறார்கள். வெள்ளைக்குச் சிவப்பு எவ்வளவு குறைவு என்று சுற்றிப் பார்த்தாலே தெரியும். 2003இல் திறந்த பழங்குடி நினைவிடம் மண்ணுக்குள் இறக்கிய வட்டம். அதன் மேல் கம்பியால் ஆன குதிரை வீரர்கள், உடம்பு கிடையாது, கோடு மட்டும்தான், உள்ளே வானம். வட்டச் சுவரில் ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். அதன் வழியே நேர் எதிரே குதிரைப்படையின் தூண் தெரிகிறது. இந்தத் திறப்புக்கு முன்னால்தான் நான் அந்தப் பயணத்தில் அதிக நேரம் சும்மா நின்றேன். இந்த மொத்த இடமும் க்ரோ ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெப்ராஸ்கா ஆசிரியரை மறக்க முடியவில்லை.

டென்வரில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். தொட்டிகள் காலியாக, சுத்தமாக இருந்ததைப் பார்த்து அங்கிருந்த பையன் அப்பாவின் கையைக் குலுக்கினான்.

செப்டம்பரில் ஒரு செய்தி. வூண்டட் நீ பதக்கங்களை மறுபரிசீலனை செய்ய 2024இல் உத்தரவிட்டிருந்தார்கள் அல்லவா, அந்த வீரர்கள் பதக்கங்களை வைத்துக்கொள்வார்கள் என்று பாதுகாப்புத் துறைச் செயலர் பீட் ஹெக்செத் அறிவித்துவிட்டார். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “ரிஜிஸ்டர் அவர்கள் கையில்தானே” என்றார், அவ்வளவுதான். பிறகு அவராகவே ஒன்று சொன்னார். போன வாரம் பஸ் பிடித்து அந்தத் தொழிற்பேட்டைக்குப் போயிருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கிணறு இருந்த இடம் தெரியவில்லை, தென்னைகள் இல்லை, கிழவர் வீட்டை விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை. பழக்கம் விடவில்லை, சர்வே கல்லைத் தேடியிருக்கிறார்.

“கல் இருக்கிறது. ஒரு கம்பெனியின் காம்பவுண்டு சுவருக்கடியில். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது சேர்த்து அதற்கும் அடித்திருக்கிறார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், எண் அப்படியே இருக்கிறது. வாட்ச்மேன் வந்து, யாரைப் பார்க்க வேண்டும் பெரியவரே என்று கேட்டான்.”